சுவரில் வரைந்த கதவு

"கடலுக்கு அடியில ஒரு தபாலாபீஸ். ஆடுறவன்தான் தபால்காரன்."

"ஏற்கெனவே வந்தது. நான்கு கேம்கள்," என்றது சல்லடை.

"செத்துப்போன ஆளோட நாய்தான் ஹீரோ. எசமான் வீட்டைத் தேடிப் போகுது."

"ஏற்கெனவே வந்தது. முப்பத்தொரு கேம்கள்."

"ஊர்ல எல்லாருக்கும் ஒரே கனவு வருது, அதுல ஒருத்தனுக்கு மட்டும்..."

"நூற்றுப் பன்னிரண்டு."

ஜெபசிங் எழுந்துபோய் அந்தப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தார். வெறுப்பில் அவர் முகம் வெந்த கத்தரிக்காய் மாதிரி சுருங்கியிருந்தது. உலகத்தில் இதுவரை வந்த அத்தனை வீடியோ கேம்களின் கதைகளையும் கரைத்துக் குடித்த பெட்டி அது. ஒரு கருவைச் சொன்னால், அதை யார் யார் தொட்டிருக்கிறார்கள் என்று அரை நொடியில் சொல்லிவிடும். சல்லடை என்று பெயர் வைத்தவரே ஜெபசிங்தான். இப்போது அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இருந்தது அந்த கேம் கம்பெனி. மொத்தம் ஒன்பது பேர். இந்த வருஷ உலகக் கண்காட்சியில் ஒரே ஒரு நிபந்தனை: இதுவரை எவரும் தொடாத கரு வேண்டும், சல்லடை பூஜ்யம் சொல்ல வேண்டும். நாலு நாளாக ஒன்பது பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் வடிவு மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கதை எழுதுகிற வேலை அவளுடையது. தை மாதம் கல்யாணம். அவளும் கூட வரவேண்டும் என்று அம்மா இழுத்துப்போனதால், காலையிலிருந்து உறவுக்காரர்கள் வீடு வீடாகப் பத்திரிகை வைத்துவிட்டு வருகிறாள்.

"மன்னிச்சிருங்க அண்ணே. ஒரு வீட்ல காப்பி குடிச்சோம்னு அடுத்த வீட்ல தெரிஞ்சு, அங்க சாப்பிட்டாத்தான் விடுவோம்னுட்டாவ," என்று பையை வைத்தாள். "யார் வீட்டுக்கு முதல்ல போகணும், யார் கையில தட்டைக் குடுக்கணும், யாரை எப்படிக் கூப்பிடணும், ஒண்ணு பிசகினாலும் பத்து வருசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாவ. கல்யாணப் பத்திரிகை வைக்கிறதைவிடக் கஷ்டமான கேம் உலகத்துலயே கிடையாது."

"பூஜ்யம்," என்றது சல்லடை.

ஜெபசிங் மெல்லத் திரும்பி, "ஏட்டி, இப்ப என்ன சொன்ன? அப்படியே இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

*

ஜெபசிங் மூன்று வருஷமாக ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். 'முறைப்பு' என்று அதற்குப் பெயர். மற்ற கேம்களில் கோபமாக நிற்கிற ஆளிடம் முதல் பதில் சரிவராவிட்டால் இரண்டாவது பதிலைத் தட்டலாம். அதுவும் போனால் பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். முறைப்பில் அந்தக் கதையெல்லாம் நடக்காது. அதில் வருகிற ஆள் மனத்தாங்கல் கொள்வார். வாயைத் திறந்து காரணம் சொல்ல மாட்டார். பேசியது பேசியதுதான், அழிக்க முடியாது.

"ஆனா அந்த ஆளை நாம எழுதி உண்டாக்க முடியாது," என்று ஜெபசிங் விளக்கினார். "நாம எழுதுனா நமக்குத் தெரிஞ்ச காரணத்துக்குத்தான் கோவிச்சுக்கிடுவாரு. நெசமான ஒரு ஆளோட பேச்சு வேணும். வருசக்கணக்குல, நெறைய. அதைக் கேட்டு முறைப்பு தானா ஒரு ஆளை உருவாக்கிக்கிடும். அவர் எதுக்குக் கோவப்படுவாருன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

வடிவுக்கு உடனே ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவளுடைய அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், ஆறுமுகநயினார் பெரியப்பா.

வீரவநல்லூரில் இருக்கிறார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வடிவின் அண்ணன் கல்யாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் போய்ப் பத்திரிகை வைத்தார்கள். தட்டை வாங்கிக்கொண்டார். காப்பி போட்டுக் கொடுத்தார். "பாக்கலாம்," என்றார். வரவில்லை. அன்றைக்கு அறுந்தது பேச்சு. பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் 'ரயில்வே, ஓய்வு' என்று போடாததுதான் காரணம் என்றாள் அத்தை. பெயரை இரண்டாவது வரியில் போட்டது என்றார் மாமா. தட்டில் வெற்றிலை வாடியிருந்தது என்றுகூட ஒரு கட்சி உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் குடும்ப வாட்ஸப் குரூப்பை விட்டு விலகவில்லை. தினமும் காலை ஆறரைக்கு அறுபத்துநாலு பேருக்கும் அணை மட்டம் சொல்லும் அவருடைய குரல் வரும். "பாபநாசம் நூத்திப் பதினேழு அடி. சேர்வலாறு நூத்தி முப்பத்திரண்டு. மணிமுத்தாறு எண்பத்தெட்டு." அவ்வளவுதான். நலமா என்று ஒரு வார்த்தை கிடையாது. மழையோ வெயிலோ, ஒன்பது வருஷமாக ஒரு நாள் தப்பியதில்லை. கூடவே அவ்வப்போது அரசியல், தண்ணீர்ப் பஞ்சம், ரயில் தாமதம் பற்றி நீளமான புலம்பல்கள். மூவாயிரத்துச் சொச்சம் குரல் பதிவுகள். வடிவு எல்லாவற்றையும் எடுத்து முறைப்புக்குக் கொடுத்தாள்.

"அவியட்ட கேட்டியா?" என்றார் ஜெபசிங்.

"குடும்பக் குரூப்புல எல்லாருக்கும் போட்டதுதானே அண்ணே."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கண்காட்சிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெபசிங் மேலே கேட்கவில்லை.

வடிவுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய அப்பா சங்கரலிங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அண்ணன் பக்கத்துல நிக்காம நான் மணையில உக்காந்து பொண்ணைத் தாரைவாக்க மாட்டேன்." அப்படியானால் போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்றால், அதற்கும் பயம். "ஒரு தடவைதான் போக முடியும் வடிவு. தட்டோட போயி, பாக்கலாம்னுட்டாவன்னா பெறவு நான் என்ன செய்ய? ரெண்டாந்தடவ போனா அது பத்திரிகை வைக்கிறது இல்ல, பிச்சை கேக்குறது." எல்லா வீட்டுக்கும் பத்திரிகை போய்விட்டது. வீரவநல்லூர்ப் பத்திரிகை மட்டும் மஞ்சள் தடவிப் பூஜை அறையிலேயே கிடந்தது.

அப்பாவுக்கு ஒரு தடவைதான். கேம் ஆடுகிறவர்களுக்கு அப்படியா? மூவாயிரம் பேர் மூவாயிரம் விதமாகக் கூப்பிட்டுப் பார்க்கட்டும். எப்படிக் கூப்பிட்டால் பெரியப்பா மசிகிறார் என்று தெரிந்துவிட்டால், அதை அப்பா காதில் போட்டுவிடலாம். மகா புத்திசாலித்தனமாகத்தான் பட்டது அவளுக்கு.

*

முகத்தை மாற்றினாள். பெயரை மாற்றினாள். வீட்டை மட்டும் அப்படியே ஞாபகத்திலிருந்து கட்டினாள். முன்கூடம், ஒயர் பின்னிய நாற்காலி, ரயில்வே ஸ்டேஷனில் இருந்து ஏலத்தில் எடுத்த வட்டக் கடிகாரம், தேதி கிழிக்கிற காலண்டர், வலது பக்கம் ஒரு பச்சைக் கதவு.

அந்தக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே பகவதி பெரியம்மா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காதுகுத்து வீட்டில், கூட்டமும் மேளமும் தாங்காமல் பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டு அலறி, பந்தியில் இலையைத் தூக்கி எறிந்துவிட்டாள். அதற்குப் பிறகு அறையை விட்டு வருவதில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேள்வி. அவளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பேசவேண்டி வந்தால், "அவியளுக்கு ஒடம்புக்குச் சொகமில்ல, தொந்தரவு குடுக்கக்கூடாது," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். எல்லாம் நல்லெண்ணம்தான்.

எப்போதும் சாத்திக் கிடக்கிற கதவுக்குக் கீலும் தாழ்ப்பாளும் செய்து, பின்னால் ஒரு அறையும் கட்டுவானேன்? வடிவு அதைச் சுவரிலேயே ஒரு படமாக வரைந்துவிட்டாள். இரண்டு நாள் வேலை மிச்சம்.

சோதனைக்கு விட்டார்கள். ஆடுகிறவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் குரலிலேயே பேசவேண்டும். பேசுவது எதையும் சேமித்து வைக்க மாட்டோம், யார் ஆடுகிறார்கள் என்றும் பார்க்க மாட்டோம், ஒரு எண்ணும் என்ன செய்தார் என்கிற குறிப்பும் மட்டும்தான் எங்களிடம் இருக்கும் என்று எழுத்து மூலமாக வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஜனங்கள் என்னென்னவோ செய்தார்கள்! ஒருவர் பதினோரு தட்டுப் பழத்தோடு போனார். ஒருவர் நாதஸ்வரத்தோடு போனார். ஒரு அம்மாள் கால் மணி நேரம் அழுதாள் என்று குறிப்பு சொன்னது. ஒருவர் பெரியவரின் காலில் விழுந்து எழுந்திருக்கவே இல்லை. ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். எல்லோருக்கும் பெரியவர் காப்பி போட்டுக் கொடுத்தார். எல்லோரிடமும், திட்டினவனிடமும்கூட, "பாக்கலாம்," என்றார். கல்யாண நாளன்று மண்டபத்தின் முன்வரிசையில் அவருடைய நாற்காலி காலியாகவே கிடந்தது. மூன்று வாரம் ஆகியும் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை.

"உங்க பெரியப்பா லேசுப்பட்ட ஆள் இல்லட்டி," என்று ஜெபசிங் அதிசயப்பட்டார்.

வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்கு இருபத்தாறு நாள்தான் இருந்தது.

*

அத்தை மகன் ஒருவன் இருக்கிறான். எந்த நல்ல காரியத்தையும் கெடுப்பதற்கென்றே சிலர் பிறப்பார்கள் அல்லவா, அந்த ரகம். அவன் எங்கோ அந்த கேமைப் பிடித்து, ஆடிப் பார்த்து, குதூகலமாகக் குடும்பக் குரூப்பிலேயே போட்டுவிட்டான். 'நம்ம வடிவு கம்பெனி கேம். இந்தக் குரலைக் கேளுங்க, அச்சு அசல் நம்ம பெரிய மாமா! ஆடிப் பாருங்க!' என்று வாயெல்லாம் பல்லாக ஆறு பொம்மை வேறு.

மறுநாள் காலை ஆறரைக்கு அணை மட்டம் வரவில்லை.

ஏழு மணிக்கு ஒருவர், "அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு முடியலியா?" என்று போட்டார். எட்டு மணிக்குத் துபாயிலிருந்து சித்தி, "பாபநாசம் எவ்வளவு?" என்றாள். அவளுக்கு துபாயில் பாபநாசம் தண்ணீர் எதற்கு? ஆனாலும் கேட்டாள். அதற்கு மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

அம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "ஒரு மனுசரோட குரலைத் திருடி ஊருக்கே வெளையாடக் குடுத்திருக்கியே, ஒனக்குக் கொஞ்சமாவது கூசுச்சா?" கூசவில்லை என்பதுதான் உண்மை. இப்போதுதான் கூசியது.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பூஜை அறையில் கிடந்த பத்திரிகையை எடுத்துத் தூசி தட்டினார், திரும்ப அங்கேயே வைத்தார்.

"எனக்கு ஒரு தடவைதான்னு சொன்னேம்லா வடிவு. அந்த ஒரு தடவையையும் நீ மூவாயிரம் பேருக்குப் பிரிச்சுக் குடுத்துட்டியே," என்றார்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் அழுதாள். சனிக்கிழமை காலை ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுகிற முதல் பஸ்ஸைப் பிடித்துப்போய் ஜெபசிங்கின் முன்னால் நின்றாள்.

"கேமை மூடிருங்க அண்ணே. கண்காட்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

ஜெபசிங் மறுபேச்சுப் பேசாமல் மூடினார். மூடிவிட்டு, "ஆனா ஒண்ணைப் பாத்துட்டுப் போ. ஒருத்தர் ஜெயிச்சுட்டாரு," என்றார்.

*

ஆட்டக்காரர் எண் மூவாயிரத்து நூற்று எண்பத்தாறு.

முதல் நாள் வீட்டுக்குள் வந்திருக்கிறார். நாற்காலியில் இருக்கிற பெரியவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் போய் அந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். நாற்பத்தேழு நிமிஷம். பிறகு போய்விட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார், எட்டு தடவை. படத்தைத் தள்ளினால் எங்கே திறக்கும்? நாலாம் நாளும் நின்றார். ஐந்தாம் நாள், பெரியவர் கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, காலி டம்ளரின் அடியால் அந்தக் கதவில் இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறார். ஏதோ சில வார்த்தை பேசியிருக்கிறார். என்ன வார்த்தை என்று தெரியாது, சேமிக்கவில்லை.

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கல்யாண நாளன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இது எப்படி அண்ணே? அது சுவரு. அதுக்குப் பின்னால ஒண்ணுமே நான் வைக்கலியே."

"நீ வைக்கல. உங்க பெரியப்பா வச்சிருக்காரு. இதைக் கேளு." ஜெபசிங் பழைய குரல் பதிவு ஒன்றைப் போட்டார். சத்தத்தை நன்றாகக் கூட்டினார்.

"...மணிமுத்தாறு எண்பத்தெட்டு." கொஞ்சம் அமைதி. தூரத்தில், டொக் டொக். பிறகு தணிந்த, வேறு ஆள் மாதிரியான ஒரு குரல்: "பகவதி, காப்பி."

அங்கே பதிவு முடிந்தது. இன்னொன்றைப் போட்டார். டொக் டொக். "பகவதி, வெளியில வெயில் வந்துட்டு." இன்னொன்று. டொக் டொக். "பகவதி, ஒனக்குப் புடிச்ச பாட்டு ஓடுது." பதிவை அனுப்ப விரலை எடுக்கிறதுக்கு முன்னால் விழுந்த இரண்டு மூன்று நொடி. அப்படி எழுநூறு எண்ணூறு பதிவுகளில் இருந்தது.

"நமக்கு இது இரைச்சல். முறைப்புக்கு இதுவும் பேச்சுதான்," என்றார் ஜெபசிங். "அந்தத் தட்டுச் சத்தத்துக்கு அப்புறம்தான் மனுசனோட குரல் இளகுதுன்னு அது கண்டுபிடிச்சிருக்கு. நீ ஒன்பது வருசமாக் கேட்ட, அது ஒரு மணி நேரம் கேட்டுச்சு."

வடிவு இன்னொரு பதிவைத் தானே போட்டுக் கடைசி வரைக்கும் கேட்டாள். தினம் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்ட குரல். மணிமுத்தாறு வந்ததும் நிறுத்திவிடுவாள். மொத்தக் குடும்பமும் மணிமுத்தாறோடு நிறுத்தியிருக்கும்.

டம்ளரால் தட்டுகிற வழக்கம் யாருக்குத் தெரியும்? ஒரே ஒருவருக்குத்தான். பெரியப்பாவே வந்து ஆடியிருக்கிறார், தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தானே காட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள்.

*

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, வடிவு சொன்னதை நம்பி அப்பாவும் அம்மாவும் அவளோடு வீரவநல்லூரில் இறங்கினார்கள். அப்பா கையில் தட்டு. அம்மா கையில் குங்குமச் சிமிழ்.

"வாங்க," என்றார் பெரியப்பா. எத்தனை வருஷத்து மனத்தாங்கலானாலும் வாசலில் வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள் அந்தப் பக்கத்தில். ஒயர் நாற்காலியில் அப்பாவை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

வடிவு முதலில் எழுந்தாள். "பெரியப்பா, ஒங்க குரலைக் கேக்காம எடுத்து கேம்ல போட்டுட்டேன். மூடிட்டேன் பெரியப்பா. தப்புத்தான். ஒங்க மனசு நோகும்னு ஒரு நிமிசம்கூட யோசிக்கல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்," என்றார் அவர். "கேக்காம எடுத்தது தப்பு. அதைச் சொல்லிட்ட, விடு." அவ்வளவுதான். அப்பாவின் பக்கம் பார்க்கவில்லை.

அப்பா தட்டை நீட்டினார். "அண்ணே, நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

பெரியப்பா தட்டை வாங்கிக்கொண்டார். அவருடைய வாய் அந்த வார்த்தைக்குத் தயாராவதை வடிவு பார்த்தாள். மூவாயிரம் பேரிடம் சொல்லிப் பழகிய வார்த்தை. இன்னும் ஒரு நொடி விட்டால் வந்துவிடும். அப்பாவின் ஒரே தடவை முடிந்துவிடும்.

அவள் காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். நாக்கு வெந்தது. காலி டம்ளரோடு போய்ப் பச்சைக் கதவுக்கு முன்னால் நின்று, இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஏட்டி..." என்று பெரியப்பா இரண்டடி முன்னால் வந்தார்.

"பெரியம்மா, நான் வடிவு. தை பன்னெண்டு எனக்குக் கல்யாணம். ஒங்களைக் கூப்பிட வந்திருக்கோம். அம்மா குங்குமம் கொண்டாந்திருக்கா."

வட்டக் கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெரியப்பா நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு அம்மாவின் கையில் இருந்த சிமிழைப் பார்த்தார், வெடித்துவிட்டார்.

"அன்னைக்கும் இதைக் கொண்டாந்தியே தாயி! இந்தா, இந்தச் செமிழைத்தான் கொண்டாந்த. இந்தக் கதவைப் பாத்த. பாத்துட்டு முந்தானையில முடிஞ்சு திருப்பிக் கொண்டுபோயிட்ட. உள்ள இருக்கவ என் பொண்டாட்டி இல்லியா? குடும்பத்துக்கு மூத்த மருமவ இல்லியா?"

"அத்தான், அக்காவுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு..." என்றாள் அம்மா.

"அவளைத் தொந்தரவு பண்ண ஒருத்தராவது வேணும்லா! பன்னெண்டு வருசமா என்னைத் தவிர இந்தக் கதவை ஒருத்தர் தட்டல."

"எங்கட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றார் அப்பா. அழுதுகொண்டுதான் சொன்னார்.

"கேட்டு வாங்குற காரியமாடா அது?"

அப்போது தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது.

பகவதி பெரியம்மாவின் தலை முழுசாக நரைத்திருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். கையில் பெரியப்பாவின் போன். கூடத்தில் இருந்த யாரையும் பார்க்காமல் வடிவை மட்டும் பார்த்தாள்.

"கேமை ஏன் மூடிட்ட?" என்றாள். "ரெண்டு நாளா தொறக்க மாட்டேங்கு."

"பெரியம்மா... ஆடுனது நீங்களா?"

"இவிய ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே போனை உள்ள நீட்டுனாவ, பாரு பகவதி, என்னைய வச்சு என்னமோ பண்ணியிருக்கு நம்ம சின்னக்குட்டின்னு. வாங்குன போனைத் திருப்பிக் குடுக்கல நான்."

"ஒரு வாரமா உள்ளதான் இருக்கு போனு," என்றார் பெரியப்பா சங்கடமாக. "அணை மட்டம் போட முடியல. எல்லாரும் தேடியிருப்பாவ."

வடிவு அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். ஒரு குடும்பமே கோபம் என்று பயந்து நடுங்கியதற்குக் காரணம் இவ்வளவுதான். மனிதர் கையில் போன் இல்லை.

"அது நம்ம வீடுதான்னு பாத்தவுடனே தெரிஞ்சுட்டு," என்றாள் பெரியம்மா. "கடியாரம், காலண்டர், எல்லாம் சரியாத்தான் வச்சிருக்க. என் கதவை மட்டும் ஏன் சுவத்துல வரைஞ்சு வச்ச? எத்தன தடவ தள்ளுனாலும் தொறக்கல. உள்ள நான்லா இருக்கேன்?"

குரல் உயரவில்லை. குற்றம் சாட்டவும் இல்லை. நிஜமாகவே காரணம் தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள். வடிவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது பெரியம்மா. அதனாலதான் வரைஞ்சுட்டேன்."

பெரியம்மா யோசித்தாள். அந்தப் பதில் சரிதான் என்று பட்டதோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டாள்.

"கடைசி நாள் பெரியப்பாட்ட என்ன சொன்னிய? ஒடனே எந்திரிச்சுட்டாவளே."

"என்ன சொல்ல? 'நானும் வாரேன்'னேன்."

பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இது புதுச் செய்தி.

அம்மா கதவருகே போய்ச் சிமிழைத் திறந்தாள். பெரியம்மா ஒரு விரலால் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மேளம் எனக்கு ஆகாது. கூட்டமும் ஆகாது. மண்டபத்துல ஒரு ரூம் வேணும். உள்ளேயிருந்து பூட்டுத மாதிரி. பாக்க வாரவ தட்டிட்டு வரணும், நான் தொறக்கலன்னா போயிரணும். ஆனா தட்டணும்."

"முந்தின நாளே வந்துருதோம்டா," என்றார் பெரியப்பா தம்பியிடம். ஒன்பது வருஷம் கழித்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. அப்பா ஒயர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

வடிவு கதவுக்கு முன்னாலேயே நின்றாள். "பெரியம்மா, கதவு தொறக்கிற மாதிரி போடணும்னா, உள்ள என்ன இருக்குன்னு தெரியணுமே. நான் பாக்கலாமா?"

இந்தத் தடவை கேட்டாள். பெரியம்மா கதவை இன்னும் ஒரு சாண் விட்டாள்.

உள்ளே ஜன்னல் இருந்தது, கொடியில் இரண்டு சேலை, தலைமாட்டில் பழைய ரேடியோ. பக்கத்தில் காலண்டர் தாள்கள், கிழித்த தாள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக முழங்கால் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தது. வடிவு மேலே இருந்த தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பென்சிலால், அழகான கையெழுத்தில்: பாபநாசம் 121, சேர்வலாறு 135, மணிமுத்தாறு 91.

"ரேடியோவுல காலையில சொல்லுவான். நான் எழுதி அடியில தள்ளுவேன். இவிய வாசிப்பாவ, பெறவு காப்பியோட தாளையும் திருப்பிக் குடுத்துருவாவ," என்றாள் பெரியம்மா. "அறுபத்துநாலு பேருக்கும் போகுமாம்லா?"

*

மறுநாள் காலை ஆறரைக்கு வடிவு பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். குரூப்பில் பதிவு வந்தது. பெரியப்பாவின் குரல்.

"பாபநாசம் நூத்தி இருவத்திரெண்டு அடி. மணிமுத்தாறு தொண்ணூத்தி ரெண்டு."

வடிவு இந்தத் தடவை அதோடு நிறுத்தவில்லை. கொஞ்சம் அமைதி. ஒரு கதவு கீச்சிட்டது. பிறகு இரண்டு தட்டு. வெளியே இருந்து இல்லை, உள்ளே இருந்து.

"சேர்வலாறை விட்டுட்டிய," என்றது ஒரு பெண் குரல்.

பன்னிரண்டு வருஷமாகக் குடும்பத்தில் மற்றவர்கள் கேட்காத குரல். அறுபத்துநாலு பேரில் ஒருவரும் ஒன்பது மணி வரைக்கும் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் துபாயிலிருந்து சித்தி, "அக்கா, சேர்வலாறு எவ்வளவு?" என்று கேட்டாள்.

வடிவு வாயைக் கொப்பளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அப்பா போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.